ஸ்கங்க்கும் நாமும்: வெளியேற்றுவதற்கும் ஒரு முறை உண்டு

அன்றாடத் தமிழில் பெயரில்லாத ஒரு பிராணியுடன் வளவைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலை, வட அமெரிக்காவில் குடியேறிய எமது மக்களில் பலருக்கு ஏற்பட்டிருக்கிறது. பூனையளவு உடல், கரிய உரோமம், தலையிலிருந்து முதுகு வழியே வாலை நோக்கி ஓடும் இரண்டு வெண்பட்டைகள், அடர்ந்த வால். ஸ்கங்க் என்ற அதன் ஆங்கிலப் பெயர்கூட அக்கண்டத்துப் பூர்வீகக் குடிகளின் அல்கொன்குவிய மொழிகளிலிருந்து பெறப்பட்டதாகும். எமக்கு மாத்திரமன்றி ஆங்கிலேயருக்கும் முன்னரே அங்கு குடியிருந்த பிராணி அது என்பதற்கு அப்பெயரே சான்று.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கும் எனது நண்பர் ஒருவர், தமது வீட்டின் பின்புற மரத்தளத்தின் கீழ் இப்பிராணி குடிகொண்டுவிட்டதாக மே மாதத்தில் ஒரு நாள் தொலைபேசியில் முறையிட்டார். "கொல்லுறதுக்கு எனக்கு மனமில்லை. கூட்டுக்குள்ள பிடிச்சுக் கொண்டுபோய் எங்கயாவது தூரத்தில ஒரு காட்டில விட்டால் பாவமில்லைத்தானே?" என்பது அவரது கேள்வி. நல்ல மனதுடன் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால், அதற்குரிய பதில் 'பாவம்தான்' என்பதாகும். அவரைப் போன்றே எண்ணுகின்ற பலர் இருக்கக்கூடும் என்பதால் அப்பதிலைச் சற்று விரிவாக எழுதலாமென நினைத்தேன்.

முதலில் அந்த நாற்றத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். (பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்தையும் குறித்தது. ஸ்கங்க்கை அறிந்தவர்கள் அச்சொல்லின் இன்றைய பொருளையே ஏற்பார்கள்.) வாலின் அடியிலுள்ள இரண்டு சுரப்பிகளிலிருந்து கந்தகச் சேர்மங்கள் நிறைந்த எண்ணெய் போன்ற திரவத்தை மூன்று மீற்றர் தூரம் வரை குறிதவறாமல் பீச்சக்கூடியது ஸ்கங்க். எனினும், அதன் கையிருப்பு சுமார் 15 மில்லிலீற்றர் மாத்திரமே. ஐந்தாறு தடவைகள் பீச்சினால் அது தீர்ந்துவிடும். மீண்டும் நிரம்புவதற்கு ஒரு வாரத்திற்கும் மேலாகும். அதுவரை அப்பிராணி நிராயுதபாணி. எனவே, தன்னிடமுள்ள ஒரேயொரு ஆயுதத்தை அது வீணாகப் பிரயோகிப்பதில்லை. முதலில் முன்னங்கால்களால் நிலத்தைத் தட்டும். பின்னர் சீறும். வாலை உயர்த்தும். இவ்வளவிற்குப் பின்னரும் விலகாதவர்களை நோக்கியே உடலை வளைத்துத் தாக்கும். அதன் கறுப்பு வெள்ளை நிறமே ஓர் அறிவித்தல் பலகைதான். முன்னறிவித்தல் கொடுக்காமல் எவரையும் தாக்குவதில்லை என்ற ஒழுக்கத்தை மனிதர்களின் போர்களில்கூட நாம் அதிகம் கண்டதில்லை.

அப்படியானால் மனிதர்களுக்கும் ஸ்கங்க்குக்கும் பிணக்கு எங்கே ஏற்படுகிறது? உணவிலும் உறைவிடத்திலும்தான். புற்றரையில் சிறுசிறு குழிகளை அது தோண்டுவது, புல்லின் வேர்களைத் தின்னும் வண்டுப் புழுக்களைத் தேடியே. எலிகளையும் குளவிகளையும்கூட அது உண்கிறது. ஒரு வகையில் சம்பளமில்லாத தோட்டக்காரன் என்று சொல்லலாம். ஆனால் மூடப்படாத குப்பைத் தொட்டி, முற்றத்தில் வைத்த பூனை உணவு, மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழங்கள் ஆகியனவும் அதற்கு விருந்துதான். விருந்து வைத்துவிட்டு விருந்தாளியைத் திட்டுவதில் நியாயமில்லை. ரொறன்ரோ மாநகரில் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது 2023 ஏப்ரல் முதல் சொந்த வளவினுள்ளும் தடைசெய்யப்பட்டுள்ளது என்பதும் கவனத்திற்குரியது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். தூரத்தில் கொண்டுபோய் விடுவது ஏன் பாவம்?

முதலாவது காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. ஸ்கங்க்குகள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கூடுகின்றன. மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் குட்டிகள் பிறக்கின்றன. பொதுவாக நான்கு முதல் ஏழு வரையான குட்டிகள். பிறக்கும்போது அவற்றின் கண்கள் திறந்திருப்பதில்லை. தாயின் பாலின்றி அவை உயிர்வாழ மாட்டா. ஆகவே மே மாதத்தில் கூட்டினுள் அகப்படும் பிராணி ஒரு தாயாக இருந்தால், அதைத் தூரத்தே விட்டுவருபவர் மரத்தளத்தின் கீழ் குட்டிகளைப் பட்டினிச் சாவுக்கு ஒப்படைக்கிறார். கொல்வதற்கு மனமில்லாதவர் ஒன்றுக்குப் பதிலாக ஐந்தாறு உயிர்களைத் தம்மையறியாமலேயே கொன்றுவிடுகிறார்.

இரண்டாவது காரணம், அந்தக் 'காடு' என்பது காலியிடமல்ல. அங்கும் வேறு பிராணிகள் குடியிருக்கின்றன. பார்வைக் குறைவும் மந்த நடையும் கொண்ட ஒரு ஸ்கங்க், வளை எங்கே, உணவு எங்கே, பாதை எங்கே என்று எதுவும் தெரியாத நிலத்தில் இறக்கிவிடப்படுகிறது. மோப்ப சக்தி குறைந்த பெரிய கொம்பு ஆந்தைக்கு அதன் நாற்றம் ஒரு பொருட்டே அல்ல. வீதியைக் கடக்கும் ஸ்கங்க்குகளுக்கு வாகனங்களும் எமன்கள்தான்.

மூன்றாவது காரணம் நோய். விசர்நோயைக் காவும் பிராணிகளுள் ஸ்கங்க்கும் ஒன்று. 2015 டிசம்பரில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்டன் நகரில் ரக்கூன் ஒன்றில் கண்டறியப்பட்ட இந்நோய், பின்னர் ஸ்கங்க்குகளிலும் பரவியது. தடுப்பு மருந்து கலந்த இரைகளைத் தரையிலும் ஆகாயத்திலிருந்தும் இட்டு அதிகாரிகள் அதனை எதிர்கொண்டனர். ஒரு பிராணியை இடம் மாற்றும்போது அதன் நோயையும் இடம் மாற்றிவிடக்கூடும். பிடிக்கப்பட்ட பிராணியை, பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விடுவிக்க வேண்டுமென்று ஒன்ராறியோவின் வனவிலங்குச் சட்டம் விதித்திருப்பதையும் இந்த அபாயத்துடன் சேர்த்தே நோக்க வேண்டும். ஆக, தூரத்துக் காட்டில் விடுவது அங்கு பாவம் மாத்திரமல்ல, சட்டமீறலும் ஆகும்.

அப்படியானால் வீட்டுக்காரர் என்னதான் செய்வது? பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வெளியேற்றுவதற்கும் ஒரு காலமும் முறையும் உண்டு. குட்டிகள் தாயின் பின்னால் வரிசையாக நடந்து திரியும்வரை, அதாவது ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் வரை காத்திருப்பது உத்தமம். கடும் பனிக்காலத்திலும் வெளியேற்றலாகாது. அக்காலத்தில் பல பெண் ஸ்கங்க்குகள் ஒரே வளையினுள் ஒடுங்கிக் கிடப்பதுண்டு.

காலம் கனிந்ததும், வளையின் வாயைப் பழைய பத்திரிகைத் தாளால் மெதுவாக அடைக்க வேண்டும். (பத்திரிகைத் தாளுக்கு இவ்வாறும் ஒரு பயன் இருப்பதை அறிந்து, அத்தொழிலிலேயே ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் மகிழ்ச்சியடைந்தேன்.) இரண்டு, மூன்று இரவுகள் கழிந்தும் தாள் அசையாதிருந்தால் உள்ளே எவரும் இல்லையெனக் கொள்ளலாம். அசைந்திருந்தால், வெளியே வர மாத்திரம் இடந்தரும் ஒருவழிக் கதவை அங்கு பொருத்தலாம். இரவில் இரைதேடப் புறப்படும் பிராணி திரும்பிவர முடியாமல் வேறிடம் தேடிக்கொள்ளும். தனது பிரதேசத்தினுள்ளேயே அது இருப்பதால் போக்கிடம் அதற்குத் தெரிந்திருக்கும். வளை வெறுமையானதை உறுதிப்படுத்திய பின்னர், மரத்தளத்தைச் சுற்றி ஓரடி ஆழத்திற்குக் கம்பி வலை புதைத்து, அதன் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து மண்ணால் மூடிவிட வேண்டும். இதைச் செய்யாவிடில், ஒன்று போனால் இன்னொன்று வந்து குடியேறும்.

நிலக்கீழ் யன்னலின் குழியினுள் விழுந்த ஸ்கங்க்கினால் ஏறி வெளியே வர முடியாது. கால் பிடிக்கத்தக்க சொரசொரப்பான பலகையொன்றைச் சாய்வாக வைத்துவிட்டு விலகினால், இரவில் தானாகவே போய்விடும். பகலில் நடமாடுகிறது என்பதற்காக மாத்திரம் அதற்கு விசர்நோய் என முடிவு செய்யலாகாது. பாலூட்டும் தாய் பகலிலும் இரை தேடக்கூடும். ஆனால் தள்ளாடும் அல்லது காரணமின்றிப் பாயும் பிராணியை நெருங்காமல் நகர அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். கடிபட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவி, தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும்.

நாய் நாற்றம் பிடித்து வந்தால் தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டுவது பழைய வழக்கம். அது நாற்றத்தை மறைக்குமேயன்றி நீக்காது. 1993 இல் போல் கிரெபோம் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் வெளிப்படுத்திய கலவையே உண்மையான மருந்து. ஏறத்தாழ ஒரு லீற்றர் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட், கால் கோப்பை அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். கலந்த உடனேயே, கண்ணில் படாமல் பூசி, ஐந்து நிமிடங்களின் பின்னர் கழுவ வேண்டும். போத்தலில் அடைத்து வைத்தால் வெடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இத்தகைய அயலவர் முற்றிலும் புதியவரல்லர். கூரைக்குள் குடியிருந்து, பனையேறிக் கள்ளுமுட்டியில் வாய் வைக்கும் மரநாயும் நாற்றச் சுரப்பி உடையதுதான். அதனுடன் எமது மூத்தோர் சண்டையும் பிடித்தனர், சகித்தும் வாழ்ந்தனர். அதை வாகனத்தில் ஏற்றி வன்னிக் காட்டில் விட்டுவர எவரும் நினைத்ததில்லை.

மனிதரின் துயரத்தையும் விலங்கின் துயரத்தையும் ஒரே தராசில் வைப்பது எனது நோக்கமல்ல. ஆனால் 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் வலிகாமத்தைவிட்டுப் புறப்பட்ட இலட்சக்கணக்கானோரில் பலரும் அவர்களது பிள்ளைகளும்தான் இன்று ஸ்காபரோவில் வீட்டுச் சொந்தக்காரர்களாக இருக்கிறார்கள். தெரியாத நிலத்தில் இறக்கிவிடப்படுவதன் பொருளை அவர்களுக்கு வேறெவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளியேற்றத்தான் வேண்டுமென்றால் வெளியேற்றுங்கள். நண்பரிடம் நான் சொன்னதும் அதுதான். ஆனால், குட்டிகள் நடக்கும்வரை அவகாசம் கொடுங்கள். அதுவரை அந்த மரத்தளத்தில் சற்று மெதுவாக நடந்தால் போதும்.