விலகு என்னும் சொல்

பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் பணியைக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் ஒப்படைக்கும் முயற்சி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: மனிதக் கை படாமல் இரு விமானங்களும் இணையுமா? இணையக் கூடாத நொடியை அந்த அமைப்பு அறியுமா என்பதே அதனினும் முந்திய கேள்வி.

1966 ஜனவரி 17 அன்று, ஸ்பெயினின் பலோமாரெஸ் அருகே, அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானம் கேசி-135 எரிபொருள் விமானத்தைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் நெருங்கியது. நெருக்கம் ஆபத்தானால், எரிபொருள் குழாயை இயக்குபவர் ‘விலகு’ என்று மும்முறை அறிவிக்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த அறிவிப்பு வரவில்லை. ஆகவே ஆபத்து இருப்பதாகத் தோன்றவில்லை என்று உயிர் தப்பிய விமானி ஒருவர் பின்னர் கூறினார். விமானங்கள் மோதின. பதினொருவரில் எழுவர் மாண்டனர்; நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. அன்று மௌனத்துக்கு ‘தொடரலாம்’ என்பது பொருளாயிற்று.

தன்னியக்க அமைப்பு முதலில் மாற்ற வேண்டியது இந்த இலக்கணத்தையே. ஆணை வந்தால் விலகுவது பழைய முறை. அனுமதி இடையறாது கிடைக்கும்வரை மட்டுமே நெருங்குவது புதிய முறையாக வேண்டும்.

எரிபொருள் விமானம் இழுத்துச் செல்லும் குழாயின் நுனியிலுள்ள கூடை காற்றில் ஓயாது அலைகிறது. நெருங்கும் விமானத்தின் மூக்கு தள்ளும் காற்றே அதை ஒதுக்கிவிடுகிறது. துரத்தத் துரத்தப் பிழை பெருகும். 2006 ஆகஸ்டில் நாசாவும் டார்ப்பாவும் எஃப்-18 விமானத்தைக் கொண்டு நடத்திய சோதனையில், ஆறு முயற்சிகளில் இரண்டே வென்றன. தவறிய நான்கும் விபத்தின்றி முடிந்தன என்பதும் வெற்றிக் கணக்கில் சேர வேண்டியதே. 2022இல் ஏர்பஸ் ஏ330 எரிபொருள் விமானத்தின் தானியங்கி முறைக்குப் பகற்பொழுதுப் பயன்பாட்டுக்கெனச் சான்று கிடைத்தது. அந்த வரம்பு குறையன்று, நேர்மை.

அடிக்கடி விலகும் அமைப்பால் என்ன பயன், எரிபொருள் தீரும் விமானம் காத்திருக்குமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் மாற்றுத் தளத்தை அடையப் போதிய எரிபொருள் இருக்கும்போதே முயற்சியைத் தொடங்குவது திட்டமிடுவோரின் கடமை. அக்கடமை தவறியதை, இயந்திரத்தின் எச்சரிக்கையைத் தளர்த்தி ஈடுசெய்யலாகாது.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2018 செப்டம்பர் 10 அன்று தேஜஸ் 20,000 அடி உயரத்தில் ஐஎல்-78 விமானத்திடமிருந்து 1,900 கிலோ எரிபொருள் பெற்றது. அன்று கூடையைத் தேடியது விமானியின் கை. நாளை ஆளில்லா விமானம் அவ்விடத்துக்கு வருமாயின், அதன் தேவைப் பட்டியலில் வெற்றி விழுக்காடு முதல் வரியாகக் கூடாது. தொடர்பு அறுந்தால், ஒளிப்படக்கருவி கூடையைத் தவறவிட்டால், இரு உணரிகள் முரண்பட்டால் என்ன நிகழும் என்பதே முதல் வரி. அதற்குரிய விடை ஒன்றே: எவர் சொல்லுக்கும் காத்திராமல் விலக வேண்டும்.