செலீனியமும் புற்றுநோயும்

மிகச் சிறிய அளவில் உயிருக்குத் துணையாகவும், அளவு மிஞ்சினால் நஞ்சாகவும் விளங்கும் மூலகங்கள் சில உள. செலீனியம் அவற்றுள் ஒன்று. உடலில் அது குறைவதே புற்றுநோய்க்குக் காரணம். ஆகவே, மாத்திரையாக உட்கொண்டால் நோய் அணுகாது என்று நம்புவோர் பலர். இந்நம்பிக்கை ஆராய்ச்சியின் முன் நிலைபெறவில்லை. களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை மக்களுக்குத் தெளிவுறுத்துதல் வேண்டும்.

1817-ஆம் ஆண்டில் பெர்சீலியஸ் கண்ட இம்மூலகம் வெகுகாலம் நஞ்சாகவே கருதப்பட்டது. உயிருக்கு இன்றியமையாதது என்பதை 1957-இல் ஷ்வார்ஸ் என்பார் எலிகளிடம் சோதித்து நிறுவினார். உயிரணுக்களைச் சிதைவினின்று காக்கும் நொதிகள் சிலவற்றில் செலீனியம் அங்கமாக உள்ளது. வளர்ந்தவருக்கு நாள்தோறும் 40 மைக்ரோகிராம் போதுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு.

புற்றுநோயாளரின் குருதியில் செலீனியம் குறைந்திருக்கக் காண்பது உண்மையே. ஆயினும், நோயுற்ற உடலில் அழற்சியாலும் உணவுக் குறைவாலும் அதன் அளவு தானே தாழும். விளைவைக் காரணமாகக் கொள்ளலாகாது.

சோதனைகள் கூறுவது யாது? அமெரிக்காவில் தோற்புற்றுநோய் கண்டிருந்த 1,312 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1996-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் பெற்றவரிடையே தோற்புற்றுநோய் குறையவில்லை; ஆனால் வேறு சில புற்றுநோய்கள் குறைந்தன. இதுவே நம்பிக்கைக்கு வித்திட்டது. அதனை உறுதிசெய்ய 2001-இல் தொடங்கிய பெருஞ்சோதனையில் 35,533 ஆடவர் பங்கேற்றனர். புராஸ்டேட் புற்றுநோய் சிறிதும் குறையாமையால் 2008-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. முன்னரே உடலில் செலீனியம் மிகுந்திருந்தோர் மேலும் அதனை உட்கொண்டபோது கடுமையான வகைப் புற்றுநோய் அதிகரித்ததாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

சீனத்தின் லின்சியான் வட்டாரத்தில் மட்டும் வேறு பயன் கண்டனர். அங்கே உணவு குறையுடையது. செலீனியத்துடன் வைட்டமின் ‘ஈ’யும் பீட்டா கரோட்டினும் சேர்த்தே அளிக்கப்பட்டன. இரைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறைந்தன. குறையுள்ளவரிடம் கண்ட பயனை நிறைவுள்ளவரிடம் எதிர்பார்த்தல் முறையாகாது.

செலீனியம் மண்ணினின்று பயிருக்கும், பயிரினின்று உடலுக்கும் வருவது. ஆகவே ஊருக்கு ஊர் அளவு மாறும். பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர்ப் பகுதிகளில் சில வயல்களின் மண்ணில் அது மிகுதி. அவ்வயல்களின் தீனியை உண்ட கால்நடைகளின் குளம்புகள் கழன்றன, மயிர் உதிர்ந்தது. அத்தகைய நிலத்தில் வாழ்வோர் மாத்திரையும் உட்கொள்வது தீயில் நெய் வார்த்தலே. மாறாக, காவிரி இருகிளையாகச் சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் போன்ற ஊர்களில் நெல்லும் கேழ்வரகும் உண்போரின் நிலையைப் பஞ்சாபைக் கொண்டோ சீனத்தைக் கொண்டோ ஊகித்தல் தவறு. மண்ணையும் உணவையும் குருதியையும் சோதித்த பின்னரே முடிவு கூறத்தகும்.

அதுவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பள்ளியிலும் வயல்வெளியிலும் கூறத்தக்கவை எளியனவே. தானியம், பருப்பு, முட்டை, மீன் முதலியவற்றைக் கலந்து உண்பது நலம். மருத்துவர் குறையைக் கண்டறிந்து கூறாமல் செலீனிய மாத்திரை வேண்டா. புகையிலையை மெல்லுவதும் புகைப்பதும் புற்றுநோய்க்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. வாயில் இரண்டு மூன்று வாரங்களாக ஆறாத புண் இருப்பின் தாமதியாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மாத்திரையை நம்பிப் புகையிலையை விடாதிருப்பவன் காசையும் காலத்தையும் ஒருங்கே இழப்பான்.