எந்தப் படத்துப் பாட்டு?

வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களில் இரவு வரவேற்பு முடியும் தறுவாயில் இசைக்குழு மெல்லப் பைலாவுக்கு இறங்கும். 'சின்ன மாமியே' வரும். அதைத் தொட்டுக்கொண்டு 'சுராங்கனி' வரும். அதுவரை கதிரையை விட்டு அசையாத மாமாமாரும் எழும்பிவிடுவார்கள். அண்மையில் அப்படியொரு இரவில், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெடியன் ஒருவன் ஆடிக் களைத்து வந்து பக்கத்தில் இருந்தான். "அங்கிள், அந்த மாமிப் பாட்டு எந்தப் படம்?" என்று கேட்டான்.

எந்தப் படமும் இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. அவனில் பிழையில்லை. தமிழில் ஊரெல்லாம் பாடும் பாட்டென்றால் அதற்குப் பின்னால் ஒரு படம் இருந்தாக வேண்டும் என்றே நாங்கள் பழகிவிட்டோம். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் மெட்டமைப்பார், மூன்றாமவர் பாடுவார், நான்காமவர் திரையில் வாயசைப்பார். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, கிற்றாரோடு மேடையேறித் தானே பாடும் மனிதர் அந்த ஏற்பாட்டில் அபூர்வம். இலங்கையில் அறுபதுகளின் பிற்பகுதியில் அப்படிப்பட்டவர்கள் ஒரு கூட்டமாகவே எழும்பினார்கள். பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் அதைச் சொன்னோம். முன்வரிசையில் நின்றவர் நித்தி கனகரத்தினம்.

உரும்பிராய்க்காரர். அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த நாட்களில் நண்பர்களுக்காகப் பாடத் தொடங்கியவர். அவருடைய பெரும் சாதனை தாளமல்ல, மொழி என்பேன். நிலவும் தென்றலும் மலர்மஞ்சமும் இல்லாமல் ஒரு காதல் பாட்டை அவர் எழுதினார். மாமி வீட்டு வாசலில் ஒரு பெடியன் நிற்கிறான். மாமியின் மகள் எங்கே என்று கேட்கிறான். மாமி மருமகனுக்கு மறுமொழி சொல்கிறாள். அவ்வளவுதான். ஆனால் மச்சாளைத் தேடிப் போகும் உரிமையும், அந்த உரிமைக்குள் இருக்கும் கூச்சமும், மாமியின் வாய்க்காரத்தனமும் யாழ்ப்பாணத்து முற்றத்தில் நாள்தோறும் நடப்பவை. அந்தப் பேச்சு பாட்டாகலாம் என்று அதற்கு முன் பெரும்பாலோர் நினைத்ததில்லை. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்லும் பாட்டையும் அவர் ஆட்டத் தாளத்திலேயே போட்டார். புத்திமதிக்குக் கால் ஆடுவது எளிதல்ல. அவருடைய பாட்டுக்கு ஆடியது.

இது ஏன் இங்கே நடந்தது? எங்களுக்கென்று பெரிய சினிமா இல்லாதது ஒரு காரணம். அந்த வெற்றிடம் பாடகனுக்கு இடம் விட்டது. அயலில் ஒரு முன்மாதிரியும் இருந்தது. போர்த்துக்கீசர் விட்டுப்போன ஆட்டப் பாட்டைப் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் சிங்களத்தில் பைலாவாக வளர்த்திருந்தார். 1966இல் கிளரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவோடு வந்து, தானே எழுதிப் பாடும் வழியைக் காட்டினார். 1970க்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது. தமிழகத்துச் சஞ்சிகைகளும் படங்களும் முன்போல் வரவில்லை. உள்ளூர்க் குரலுக்குக் காது கிடைத்தது. இலங்கை வானொலி அந்தக் குரலைப் பாக்குநீரிணைக்கு அப்பாலும் கொண்டுபோனது.

கொட்டாஞ்சேனையை இங்கே மறக்கக் கூடாது. புனித லூசியாள் பேராலயத்துப் பாடகர் குழு, கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் நாதஸ்வரம், திருநாள் இரவின் பைலா எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கேட்கும் இடம் அது. இரண்டு மொழி நாவில் புரளாமல் அங்கே ஒருவர் வளர முடியாது. 1956இல் அரசு ஒரு மொழியை மட்டும் அரியணையில் ஏற்றிய நாட்டில், சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்குத் தாவும் 'சுராங்கனி' இப்படிப்பட்ட தெருக்களின் வழக்கத்தை மேடைக்குக் கொண்டுவந்தது.

அதை உலகறியச் செய்தவர் ஏ. ஈ. மனோகரன். கொழும்பு மேடைகளைக் கலக்கிவிட்டுத் தமிழ்நாட்டுக்குப் போனார். சிலோன் மனோகர் ஆனார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் அந்த மெட்டு ஒலித்தது. அத்தோடு அதற்கும் ஒரு படம் கிடைத்துவிட்டது. நான் கவலையோடு பார்ப்பது இந்த இடத்தைத்தான். படம் பாட்டுக்குப் பெரிய ஊரைக் கொடுத்தது. பிறந்த ஊரை மறக்கடித்தது. மனோகரனையும் சினிமா வில்லன் வேடங்களுக்கே அதிகம் அழைத்தது. செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' (1978) படத்தில் எங்கள் கரையோரத்து மனிதராக நடித்தவர் அவர் என்பது இன்று எத்தனை பேருக்கு ஞாபகம்? 2018 ஜனவரி 22இல் தன் 73ஆவது வயதில் சென்னையில் அவர் காலமானபோது, அரை நூற்றாண்டு உழைப்பையும் அந்த ஒரு பாட்டுக்குள் அடக்கியே பலர் எழுதினார்கள்.

இதற்கிடையில் 1983 வந்தது. வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளில் இருந்த இசைத்தட்டுகளும் எரிந்தன. கேட்டவர்கள் கப்பலிலும் விமானத்திலும் போனார்கள். நித்தி ஆஸ்திரேலியாவில் குடியேறினார். போன இடத்திலும் பாடினார். பாடகர் ஒரு கண்டத்தில், கேட்பவர் இன்னொரு கண்டத்தில், மூல ஒலிப்பதிவு எங்கோ ஒரு பெட்டியில் என்றானபின், ஒரு பாட்டு தன் ஆளை இழப்பது மிக எளிது. கொஞ்சக் காலத்தில் 'நாட்டார் பாடல்' என்று சொல்லிவிடுவார்கள். அதைப் பாராட்டென்று நினைப்பவர்களும் உண்டு. எழுதியவர் நம்மோடு வாழும் காலத்திலேயே அவர் பாட்டை அநாதையாக்குவதைப் பாராட்டென்று என்னால் ஏற்க முடியாது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமையையும் தருகிறது. சட்டம் போதும், எங்கள் பழக்கம்தான் போதாது. மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் அறிவிப்பாளர் அடுத்த பாட்டு யாருடையதென்று ஒரு வரி சொன்னால் யாருக்கும் செலவில்லை. வானொலி நிலையத்து நூலகத்திலும் வீட்டு அலுமாரிகளிலும் மிஞ்சியிருக்கும் இசைத்தட்டுகளையும் கசெற்றுகளையும் எண்ணிம வடிவுக்கு மாற்ற, அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் எங்களோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். எந்த மேடையில், யார் வாசிக்க, எப்போது பதிவானது என்று சொல்லக்கூடிய வாய்கள் குறைந்துகொண்டு வருகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கர்நாடக இசைக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு மூலையைத் துள்ளிசைக்கும் கொடுக்கலாம். அதுவும் எங்கள் மண் பாடிய பாட்டுத்தான்.

அன்றிரவு அந்தப் பெடியன் தொலைபேசியில் பாட்டைத் தேடினான். முதலில் வந்ததில் பாடியது யாரோ; எழுதியவர் பெயரே இல்லை. நான் பெயரைச் சொன்னேன். அவன் தமிழ் விசைப்பலகையைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தொடங்கினான். 'கனகரத்தினம்' வந்ததும் விரல் நின்றது.

"எந்த 'ன', அங்கிள்?"

"ரெண்டு சுழி, தம்பி."