கல்விக் கட்டணத்தில் வங்கி வைக்கும் லாபம் ரூபாயில் தெரிய வேண்டும்

வெளிநாட்டில் படிக்கும் மகளின் முதல் செமஸ்டர் கட்டணத்தை அனுப்ப வங்கிக்கு வரும் அப்பாவிடம் ஃபார்ம் ஏ2 நீட்டப்படுகிறது. பான் எண், பல்கலைக்கழகத்தின் கணக்கு விவரம், படிப்புக்கான ‘எஸ்0305’ குறியீடு எல்லாவற்றையும் எழுதிவிட்டு, “சார்ஜ் எவ்வளவு சார்?” என்று கேட்கிறார். “ஆயிரம் ரூபாய், அதோட ஜிஎஸ்டி. அவ்வளவுதான்” என்கிறார் அலுவலர். நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார். டாலருக்கு என்ன ரேட் போட்டார்கள் என்பது வீட்டுக்கு வந்து மெசேஜைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

உண்மையான செலவு அந்த ரேட்டில்தான் இருக்கிறது. சந்தையில் டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கி இரண்டு சதவீதம் கூட்டி 91.80-க்கு விற்றால், 20,000 டாலர் அனுப்பும் குடும்பம் 36,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறது. அதே தொகைக்குப் பணமாற்ற ஜிஎஸ்டி சுமார் 1,140 ரூபாய்தான். ரசீதில் ஜிஎஸ்டி பைசா சுத்தமாக இருக்கும். 36,000 ரூபாய்க்கு ஒரு வரிகூட இருக்காது.

இதில் வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களின் பெற்றோர் சங்கம் எடுத்திருக்கும் நிலைப்பாடு தெளிவானது. வங்கி லாபம் வைப்பதைச் சங்கம் எதிர்க்கவில்லை. மறைத்து வைப்பதைத்தான் எதிர்க்கிறது. கையெழுத்துக்கு முன்பே அன்றைய சந்தை விலை, வங்கி தரும் விலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமாக எத்தனை ரூபாய் என்ற மூன்றையும் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். இதை ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

மலிவான வழி இல்லாமல் இல்லை. கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நடத்தும் ‘எஃப்எக்ஸ்-ரீடெய்ல்’ தளம் 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. தனிநபரும் தன் வங்கி மூலம் பதிவு செய்து, சந்தை விலையிலேயே டாலர் வாங்கலாம். அதற்கு மேல் வங்கி முன்கூட்டியே சொன்ன கட்டணம் மட்டும். பிள்ளையைப் படிக்க அனுப்பும் எத்தனை வீடுகளில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? கிளையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே சங்கத்தின் மனக்குறை. கல்விக் கடன் ஒப்புதல் கடிதத்தோடு இந்தத் தளத்தைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பையும் இணைப்பது வங்கியின் கடமையாக வேண்டும்.

கடன் வாங்கிய குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். கடன் தந்த வங்கியே பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக அனுப்பிவிடுவதால், வேறு வங்கியில் ரேட் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை. அந்த இரண்டு சதவீதமும் கடனில் சேர்ந்து, அதற்கும் வருடக்கணக்கில் வட்டி ஓடுகிறது. ஆகவே கடன்தாரருக்குப் பலகையில் போட்டிருக்கும் ‘கார்டு ரேட்’டைத் தரக் கூடாது, வங்கியின் கருவூலப் பிரிவிடம் பேசி வாங்கும் சலுகை ரேட்டையே தர வேண்டும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரியான டிசிஎஸ் பற்றிய பயமோ தேவைக்கு மேல் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அந்தப் பிடித்தம் இல்லை. வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் அதற்கு மேலும் இல்லை. மற்றபடி பிடித்தாலும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரேட்டில் போன பணம் அப்படித் திரும்பி வராது.

“கட்டணத்தில் பத்து சதவீதம் குறைத்துக் கட்டித் தருகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏஜெண்டுகளைப் பெற்றோர் அண்டவே கூடாது. அவர்கள் திருட்டு கார்டில் கட்டி, அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பினால் மாணவரின் விசாவே ஆபத்தில் போகும்.

அடுத்த சேர்க்கைக்குப் பணம் அனுப்ப இருப்பவர்கள் கடைசித் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே எஃப்எக்ஸ்-ரீடெய்லில் பதிவு செய்துகொள்ளுங்கள். வழியில் உள்ள வங்கிகள் எதையும் பிடிக்காமல் முழுத் தொகை போய்ச் சேரும்படி, ஸ்விஃப்ட் கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது என்று படிவத்தில் குறியுங்கள். ரேட்டை எழுத்தில் வாங்கிய பிறகே ஏ2-வில் கையெழுத்துப் போடுங்கள்.