நடுவில் நிற்கும் குடும்பம்



ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். அவற்றின் மாத வருமானம் முறையே 8,000, 10,000, 12,000, 15,000, 2,55,000 ரூபாய். கூட்டுச் சராசரி எவ்வளவு? 60,000 ரூபாய்! ஆனால் அத்தெருவில் நான்கு குடும்பங்கள் அதில் கால் பங்குக்கு மேல் பார்த்ததில்லை. வருமானங்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் 12,000 ரூபாய். இதுவே இடைநிலை அளவு. தெருவின் உண்மை நிலையை இது அல்லவா சொல்கிறது?

ஐந்து வீடுகளுக்கு இது எளிது. ஒரு நாடு முழுவதற்கும், பகுதி பகுதியாக, ஆண்டுதோறும் காண்பது எப்படி? அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்ப்போம். அங்கே மாநிலங்களின் உட்பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். மூவாயிரத்துக்கும் அதிகமான கவுண்டிகள் உள்ளன. 2020 கணக்கெடுப்பின்படி லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர்; டெக்சாஸ் மாநிலத்தின் லவிங் கவுண்டியிலோ வெறும் 64 பேர்!

2000 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ ஆறில் ஒரு குடும்பத்திடம் வருமானத்தையும் கேட்டார்கள். ஆனால் ஒரு கவுண்டியில் ஆலை மூடப்பட்டால், அடுத்த கணக்கெடுப்பு வரை அந்த இழப்பு ஏட்டில் ஏறாது. எனவே 2005 முதல் ஆண்டு முழுவதும் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 65,000 பேருக்கு மேல் வாழும் பகுதிகளுக்கு இதிலிருந்து ஆண்டுதோறும் விடை கிடைக்கும். சிறிய கவுண்டிகளில் சில வீடுகளே மாதிரியில் சிக்குவதால், ஐந்தாண்டு விவரங்களைச் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் மற்றொரு வழி உதவுகிறது. வருமான வரிக் கணக்குகள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை, பழைய கணக்கெடுப்புகள் ஆகியவற்றுக்கும் வருமானத்துக்கும் எல்லாக் கவுண்டிகளிலும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, ஒரு கவுண்டியின் இடைநிலை வருமானம் எவ்வளவு இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு இந்த மதிப்பையும், நேரில் கேட்டறிந்த மதிப்பையும் கலக்கிறார்கள். மாதிரி பெரிதாக இருந்தால் நேரில் கேட்டதற்கு எடை அதிகம். சிறிதாக இருந்தால் கணிப்புக்கு எடை அதிகம். சிறிய ஊர் மற்ற ஊர்களிடம் வலிமையைக் கடன் வாங்குகிறது எனலாம்.

“இது அளவீடே அல்ல, வெறும் ஊகம். எண்ணியதை மட்டும் வெளியிட்டால் போதும்” என்று சிலர் சொல்லக்கூடும். இதை நான் ஏற்கவில்லை. இதே திட்டத்தில்தான் வறுமையில் வாழும் குழந்தைகளின் எண்ணிக்கையும் மதிப்பிடப்படுகிறது. ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்கான மத்திய அரசின் நிதி அதைக் கொண்டே பங்கிடப்படுகிறது. பழைய எண்ணை வைத்துப் பங்கிட்டால், நேற்று ஏழையான ஊருக்கு இன்று கூடுதல் ஆசிரியர் கிடைக்க மாட்டார். நல்ல மதிப்பீடு பழைய எண்ணைவிட நேர்மையானது.

ஆனால் ஒரு நிபந்தனை: பிழையின் அளவைச் சொல்லாத மதிப்பீட்டை நாம் நம்பக்கூடாது. ஓர் உதாரணம்: ஒரு கவுண்டியின் வருமானம் சென்ற ஆண்டு 52,000 டாலர், இந்த ஆண்டு 55,000 டாலர். “வளர்ச்சி!” என்று கைதட்டலாமா? இரண்டிலும் 6,000 டாலர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றால், உண்மையில் வருமானம் குறைந்துகூடப் போயிருக்கலாம்!

ஆண்டுகளை ஒப்பிடும்போது வேறு கண்ணிகளும் உண்டு. 2013-இல் 100 டாலருக்கு வாங்கிய பொருள்களுக்கு 2023-இல் சுமார் 131 டாலர் தேவைப்பட்டது. ஆகவே 50,000 டாலர் பெற்ற குடும்பம் 65,000 டாலருக்கு மேல் பெற்றால்தான் இருந்த இடத்திலேயே நிற்கிறது என்று பொருள். 2018–2022, 2019–2023 ஆகிய ஐந்தாண்டு மதிப்பீடுகளில் நான்கு ஆண்டுகள் பொதுவானவை. அவற்றை ஒப்பிட்டால் மாற்றம் சரியாகத் தெரியாது. கனெக்டிகட் மாநிலத்தில் எட்டுக் கவுண்டிகளுக்குப் பதிலாக ஒன்பது திட்டப் பகுதிகளைப் புள்ளிவிவர அலகுகளாக 2022-இல் ஏற்றுக்கொண்டார்கள். எல்லையே மாறிவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

நண்பர்களே, நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். வருமானத்தைக் கேட்க வேண்டாம். அது சிலர் மனத்தைப் புண்படுத்தும். பள்ளிக்கு வந்துசேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று வகுப்பில் எல்லோரிடமும் சீட்டில் எழுதி வாங்குங்கள். இடைநிலையைக் காணுங்கள். பின்பு சீட்டுகளைக் குலுக்கி, ஐந்தை மட்டும் எடுத்து அவற்றின் இடைநிலையைக் காணுங்கள். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். விடை எப்படித் தள்ளாடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்!

அதன்பின் நாளிதழில் ஒரு புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி தானாகவே எழும்: “இது எவ்வளவு தள்ளாடும்?” அறிவியல் மனப்பான்மை தொடங்கும் இடம் அதுதான்.