சாதி மசோதாவுக்கு ‘தேவையில்லை’ என்ற கவர்னர்: கேவின் நியூசமின் சிவில் உரிமைக் கணக்கு என்ன?

2023 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில் தலித் செயற்பாட்டாளர்கள் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். முன்னால் நின்றவர் ‘ஈக்வாலிட்டி லேப்ஸ்’ அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன், தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கர். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு அவைகளிலும் நிறைவேறிவிட்ட எஸ்.பி. 403 மசோதாவில் கவர்னர் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் 7-ஆம் தேதி கவர்னர் கேவின் நியூசமின் பதில் வந்தது. கையெழுத்து இல்லை, வீட்டோ. காரணம், இந்த மசோதா ‘தேவையில்லை’.

சாதியின் பெயரால் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதம் என்று எழுத்தில் சொல்லும் முதல் அமெரிக்க மாநிலமாக கலிஃபோர்னியா ஆகியிருக்க வேண்டிய நாள் அது. மறுத்தது ஒரு பழமைவாதி அல்ல. சிவில் உரிமைக்காக ஒரு காலத்தில் சட்டத்தையே மீறியவர்.

கவர்னருக்கு இவ்வளவு அதிகாரமா?

நம்ம ஊரில் கவர்னர் என்றால் டெல்லி நியமிப்பவர். அமெரிக்காவில் அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், ஏறக்குறைய நம்ம முதலமைச்சர் மாதிரி. மசோதா வந்தால் கையெழுத்துப் போடலாம் அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். கலிஃபோர்னியாவில் மாதக்கணக்கில் கிடப்பில் போட வழியில்லை. கெடு தாண்டினால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். (படிக்கும்போது சிலருக்குப் பெருமூச்சு வரலாம்.) வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அங்கே அப்படி நடந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதனால் கவர்னர் ‘வேண்டாம்’ என்றால் நடைமுறையில் கதை முடிந்தது.

2004-இல் இருந்த நியூசம்

சான் ஃபிரான்சிஸ்கோ மேயராகப் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2004 பிப்ரவரி 12 அன்று, தன்பாலின ஜோடிகளுக்குத் திருமண உரிமம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார் நியூசம். மாநிலச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. அவருடைய ஜனநாயகக் கட்சித் தலைவர்களே தேர்தல் நேரத்தில் இது தேவையா என்று நெளிந்தார்கள். ஒரு மாதத்துக்குள் சுமார் 4,000 ஜோடிகள் திருமணம் செய்துகொண்டார்கள். ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தனை திருமணங்களும் செல்லாது என்றது. ஆனால் காலம் அவர் பக்கம் திரும்பியது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணத்தை உறுதிசெய்தது.

கவர்னரான பிறகு 2019 மார்ச்சில் மரண தண்டனையை நிறுத்திவைத்தார். அப்போது காத்திருந்த கைதிகள் 737 பேர். மரண தண்டனையை ஒழிக்கும் யோசனையை அந்த மாநில வாக்காளர்கள் 2016-இல்தான் நிராகரித்திருந்தார்கள். அதையும் மீறித்தான் இந்த உத்தரவு.

இரண்டிலும் ஒரு ஒற்றுமை உண்டு. முடிவு அவருடையது, அறிவிப்பும் அவருடையது, எதிரில் நின்றவர்கள் பெரும்பாலும் அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள். 2025-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு டிரம்ப் படைகளை அனுப்பியபோது வழக்குப் போட்டதும், குடியேற்றச் சோதனைக்கு வரும் அதிகாரிகள் முகமூடி அணியத் தடை விதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதும் அதே வகைதான். சிக்கல், உரிமை கேட்பவரும் அதை எதிர்ப்பவரும் அவருடைய கட்சிக்குள்ளேயே இருக்கும்போது வருகிறது.

மசோதா சொன்னது என்ன?

எஸ்.பி. 403-ஐக் கொண்டுவந்தவர் ஆயிஷா வஹாப், ஆப்கன் வம்சாவளியைச் சேர்ந்த மாநில செனட்டர். முதல் வடிவில் இனம், மதம், பாலினம் என்று போகும் பட்டியலில் சாதியும் தனிச்சொல்லாகச் சேர்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும் திருத்தினார்கள். ‘வம்சாவளி’ என்ற சொல் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது, சாதியும் அதற்குள் அடக்கம் என்று விளக்கமாக எழுதினார்கள். செனட்டின் இறுதி ஓட்டெடுப்பில் ஆதரவு 31, எதிர்ப்பு 5.

எதிர்த்தவர்களில் முக்கியமானது ஹிந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன். சாதி என்றாலே அமெரிக்கர்களுக்கு இந்துக்கள்தான் நினைவுக்கு வருவார்கள், ஆகவே இந்தச் சட்டம் ஒரு சமூகத்தை மட்டும் சந்தேகக் கூண்டில் நிறுத்தும் என்பது அவர்கள் வாதம். மசோதாவில் எந்த மதத்தின் பெயரும் இல்லை என்பது வஹாப் தரப்பின் பதில். எதிர்த்தவர்களில் ஜனநாயகக் கட்சிக்கு நிதி திரட்டித் தரும் இந்திய அமெரிக்கர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நியூசமின் வீட்டோ குறிப்பு ரொம்பச் சின்னது. சாதிப் பாகுபாடு தவறில்லை என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. பாலினம், இனம், நிறம், மதம், வம்சாவளி, தேசிய அடையாளம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு ஏற்கெனவே தடைசெய்யப்பட்டுள்ளது, இந்தச் சொற்களை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஆகவே புதிய சட்டம் வேண்டாம் என்பதுதான் சாரம்.

இது சும்மா சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2020-லேயே சிஸ்கோ நிறுவனத்தின் மீது மாநிலச் சிவில் உரிமைத் துறை வழக்குத் தொடுத்தது, ‘சாதி’ என்ற சொல் சட்டத்தில் இல்லாமல்தான். தலித் பொறியாளர் ஒருவரைச் சாதியின் பேரில் ஒதுக்கினார்கள், புகார் சொன்னதும் பழிவாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மேலதிகாரிகள் இருவர் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் துறை கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது.

ஆனால் அதே வழக்கு மனுவில் இன்னொரு தகவல் இருக்கிறது. அந்தப் பொறியாளர் நிறுவனத்துக்குள் புகார் கொடுத்தபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் இல்லை என்று பதில் வந்ததாம். பிரச்சினையின் மையமே இதுதான். ‘ஏற்கெனவே தடை இருக்கிறது’ என்பது கவர்னருக்கும் வக்கீலுக்கும் தெரிந்தால் போதுமா? எச்.ஆர். அதிகாரி திறந்து பார்ப்பது சட்டத்தில் இருக்கும் பட்டியலைத்தான். சொல் அங்கே இல்லையென்றால் புகார் முதல் மேஜையிலேயே நின்றுவிடலாம்.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இது இன்னும் கடினம். வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். மேலதிகாரி மீது புகார் கொடுக்கும் முன் அவர் பத்து முறை யோசிப்பார். அந்த நேரத்தில் சட்டப் புத்தகத்தில் ஒரு சொல் அச்சாகி இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் நிறைய.

அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022-லேயே தன் விதிகளில் சாதியைச் சேர்த்துவிட்டது. வீட்டோவுக்கு ஒன்பது நாள் முன்னால் ஃபிரெஸ்னோ நகரமும் தடை விதித்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது மாநிலத்துக்குத் தேவைப்படவில்லை.

மறுபடியும் அதே சொல்

அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவரின் சந்ததிகள் விஷயத்திலும் ‘தேவையில்லை’ திரும்ப வந்தது. கலிஃபோர்னியா அடிமைமுறைக்குத் துணைபோனதற்கு மன்னிப்புக் கேட்கும் சட்டத்தில் 2024-இல் கையெழுத்திட்டார். 2025 அக்டோபரில் அந்தச் சந்ததிகளுக்கென ஒரு அரசு அலுவலகம் அமைக்கவும் ஒப்புக்கொண்டார். ஆனால் கல்லூரிச் சேர்க்கையில் அவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்ற மசோதாவை அதே மாதம் வீட்டோ செய்தார். கல்லூரிகளுக்கு அந்த அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே மசோதா தேவையில்லை என்றார். மன்னிப்புக்கு கையெழுத்து, சீட்டுக்கு வீட்டோ. தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவுக்கும் அதே அக்டோபரில்தான் கையெழுத்துக் கிடைத்தது.

திருநர் உரிமையிலும் நேர்கோடு இல்லை. மாணவரின் பாலின அடையாளத்தைப் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று பள்ளிகள் ஆசிரியர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற சட்டத்தில் 2024-இல் கையெழுத்திட்டவர், 2025 மார்ச்சில் தன் பாட்காஸ்டில், பெண்கள் விளையாட்டில் திருநங்கைகள் பங்கேற்பது நியாயமில்லை என்ற கருத்தை ஒப்புக்கொண்டார். ‘அதிபர் தேர்தலுக்கு ரெடியாகிறார்’ என்று பேச்சு எழுந்தது. 2028-இல் போட்டியிடுவது பற்றி யோசிப்பதாக அவரே சொல்லியும் இருக்கிறார். ஆனால் எல்லாவற்றையும் அந்த ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது. மரண தண்டனை உத்தரவு அவருக்கு ஓட்டு சேர்க்கும் முடிவு இல்லை.

இப்போது ஒருவர் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வேலை தொடர்பான பாகுபாட்டுக்கு மாநிலச் சிவில் உரிமைத் துறையிடம் 3 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். சாதிப் பாகுபாடு ஏற்கெனவே தடைசெய்யப்பட்டது என்று கவர்னரே எழுதியிருப்பதை வக்கீல் எடுத்துக்காட்டலாம். ஆனால் வீட்டோ குறிப்பு சட்டம் ஆகாது, நீதிமன்றம் அதை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நியூசமின் பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிகிறது. மசோதா திரும்ப வர வேண்டுமென்றால் புதிய எண், புதிய ஓட்டெடுப்பு என முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதுவரை சாதி என்பது ‘வம்சாவளி’க்குள் அடங்கும் என்று ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாக நிரூபிப்பது புகார் கொடுப்பவரின் வேலை.