மறந்தவர் யார்?

நல்ல கலை அழியாது. என்றேனும் ஒருநாள் தன் சுவைஞரைக் கண்டடையும் என்று சொல்வோர் உளர். அக்காலத்தில் விலைபோகாத அமெரிக்க றொக், சோல் இசைத்தட்டுக்களைத் தேடிச் சேகரிக்கும் இரசிகரிடையே இவ்வாதம் இன்று பெருவழக்காகிவிட்டது. கேட்க இனிமையான இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மறதி மழைபோல் வானத்திலிருந்து பொழிவதன்று. அதனைச் செய்வோர் உளர். அதனாற் பயன்பெறுவோரும் உளர்.

மோட்டார்த் தொழில் நகரான டெற்றோயிற்றை எடுத்துக்கொள்வோம். 1959இல் அங்கு தோன்றிய மோட்டவுன் கம்பனி கறுப்பினக் கலைஞரின் சோல் இசையை உலகெங்கும் விற்றது. அதே நகரில் ஹக்னி சகோதரர் மூவர் மின் கித்தார் அதிர வன்மையான றொக் இசைத்தனர். தந்தையின் சாவுக்குப் பின் தம் குழுவுக்கு ‘மரணம்’ என்று பொருள்படும் ‘டெத்’ என்னும் பெயரைச் சூட்டினர். றொக் இசையின் வேர் கறுப்பின மக்களிடையே இருந்தும், கறுப்பருக்குச் சோல், வெள்ளையருக்கு றொக் என வியாபாரிகள் வேலி போட்டிருந்த காலம் அது. 1975இல் ஒலிப்பதிவுக்குப் பணம் கொடுத்த இசைத்தட்டு அதிபர் குழுவின் பெயரை மாற்றச் சொன்னார். சகோதரர் மறுத்தனர். ஏழு பாடல்களோடு பதிவு நின்றது. 1976இல் தாமே 500 பிரதிகள் வெளியிட்டனர், வானொலி கவனிக்கவில்லை. பெயரைச் சூட்டிய டேவிட் 2000இல் மாண்டார். அந்த ஏழு பாடல்களும் 2009இல் தட்டாக வந்தன. ‘கலை வென்றது’ என்று இப்பொழுது சொல்வது யாருக்கு ஆறுதல்?

அதே நகரின் இன்னொரு புதல்வர் றொட்றிக்கஸ், மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளியின் மகன். நகரத்து ஏழ்மையையும் ஆள்வோரின் பொய்யையும் பாடிய அவரது ‘கோல்ட் ஃபக்ட்’ 1970இல் வெளிவந்தது, அமெரிக்காவில் விலைபோகவில்லை. அடுத்த தட்டும் அவ்வாறே. அவர் கட்டிட வேலைக்குச் சென்றார். நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவிலோ, வெள்ளையின இளைஞர் பலர் அத்தட்டை நெஞ்சில் வைத்துப் போற்றினர். அங்கு விற்ற பணம் தமக்குக் கிட்டவில்லை என்பது அவர் முறையீடு. 1998இலேதான் அவர் அந்நாட்டு மேடையேறினார்.

2012இல் அவரைப் பற்றி எடுத்த விவரணப் படம் மறுவருடம் ஒஸ்கார் பரிசு பெற்றது. ஆயின் அவர் 1979இலும் 1981இலும் அவுஸ்திரேலியாவிற் பாடியதை அப்படம் சொல்லவில்லை. ஏன்? முழுதும் மறக்கப்பட்டவரே நன்றாக விலைபோவார்! முன்பு புறக்கணித்த சந்தை, பின்பு அப்புறக்கணிப்பையே சரக்காக்கிக்கொள்கிறது.

விற்காத தட்டெல்லாம் உயர்ந்தது என நாம் வாதிடவில்லை. அதுவும் சந்தையின் கணக்கேயாகும். தலைகீழாகப் போட்ட கணக்கு. கிடைத்தற்கரியது என்பதற்காகவே ஒரு தட்டைக் கொண்டாடுபவர் அதன் விலையை அறிவார், குரலை அறியார்.

ஆசிரியர்களே, மாணவர்களே! ‘மறக்கப்பட்ட மாணிக்கம்’ என்று எவரேனும் ஒன்றை நீட்டும்போது, அதன் ஒளியில் மயங்குமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: இதை மண்ணிற் புதைத்தவர் யார்? இன்று தோண்டி எடுத்து விற்கும் பணம் யார் கைக்குப் போகிறது? அவ்வினாக்களைக் கேட்ட பின் பாட்டைக் கேளுங்கள். அப்பொழுதே அது செவிக்கு எட்டும்.